தாழ்வு மனப்பான்மை மனநோயாக மாறுமா? 'எப்போதிலிருந்து' என்று முதலில் கேட்டுப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 26. மற்றவர்களைவிட நாம் ஒரு படி கீழே என்ற எண்ணம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. நாலைந்து மாதமாக அது கூடிவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை, சனி ஞாயிறு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நண்பர் 'இது டிப்ரஷன்' என்கிறார். அக்கா 'உனக்குத் தன்னம்பிக்கை பத்தாது, அவ்வளவுதான்' என்கிறார். இரண்டில் எது சரி, இப்படியே விட்டால் மனநோயில் கொண்டுபோய் விடுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: 'இதுக்கெல்லாம் டாக்டரைப் பார்க்கிறது ஓவரோ?' மற்ற கேள்விகளைவிட எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மனநல மருத்துவன். முதலில் அரசு மருத்துவமனையில் இருந்தேன், இப்போது சொந்த கிளினிக். இத்தனை வருடம் பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இருப்பது இன்னது என்று பெயர் வைக்க என்னால் முடியாது. நாலு வரி படித்துவிட்டு அப்படிப் பெயர் வைப்பவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாழ்வு மனப்பான்மை என்று தனியாக ஒரு நோய் கிடையாது. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியலிலும் இல்லை. ஆனால் வேறு நோய்களின் அறிகுறியாக அது பல இடங்களில் தலைகாட்டும். மனச்சோர்வு நோய்க்கு டிஎஸ்எம் 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5, இரண்டு வாரமாவது, பெரும்பாலான நேரமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது என்ற இரண்டில் ஒன்றாவது கட்டாயம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் அளவுக்கு மீறிய குற்ற உணர்வும் சேர்ந்து அந்த ஒன்பதில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொரு வகை இருக்கிறது, நாள்பட்ட மனச்சோர்வு. பெரியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் மெல்லிய சோர்வாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் அறிகுறிப் பட்டியலில் குறைந்த சுயமதிப்பு, அதாவது நீங்கள் சொல்லும் தாழ்வு எண்ணம், நேரடியாகவே இடம்பெறுகிறது. இந்த வகைதான் அதிகம் ஏமாற்றும். வருடக்கணக்கில் கூடவே இருப்பதால் 'இவன் சுபாவமே இப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், நோயாளியும் அப்படியே நம்பிவிடுவார். ஒரு சுவாரஸ்யத்துக்காக இதையும் சொல்கிறேன்: தன்னைப் பற்றிய மதிப்பு திடீரென்று வானத்துக்கு ஏறுவதும் ஒரு அறிகுறிதான். மனநிலை ஒருசமயம் அளவுக்கு மீறி ஏறியும் ஒருசமயம் தாழ்ந்தும் போகும் இருதுருவ நோயில், ஏறி நிற்கும் மேனியா கட்டத்தில் அதைப் பார்க்கலாம். 'என் பையனுக்கு இப்பதான் சார் தன்னம்பிக்கை வந்திருக்கு' என்று சந்தோஷமாகச் சொன்ன பெற்றோருக்கு, பையன் நாலு நாளாகத் தூங்காததை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இணையத்தில் சுயமதிப்பை அளக்கும் கேள்வித்தாள்கள் நிறையச் சுற்றுகின்றன. நீங்களும் ஒன்றைப் போட்டுப் பார்த்து 'லோ' என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அது மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965-இல் வெளியிட்ட 10 வாக்கியங்களாக இருக்கும். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக உருவானது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நல்ல அளவுகோல்தான், ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. அந்த நிமிடம் உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டுமே அது சொல்லும். போன வருடம் என்ன நினைத்தீர்கள், எதனால் நினைத்தீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது.

அதனால்தான் கிளினிக்கில் நான் முதலில் கேட்பது 'எப்போதிலிருந்து?' என்று. இரண்டு பேரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் பள்ளி ஆசிரியை. மகளின் படிப்புப் பிரச்சினைக்காக வந்தவர். பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'எனக்கு ஒண்ணும் பெரிசா தெரியாது டாக்டர், ஆனா...' என்று ஒரு முன்னுரை வரும். ஆண்டுவிழாவில் மேடை ஏறச் சொன்னால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார். தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர். சின்ன வயதில் வீட்டில் அக்காவோடு ஒப்பிட்டே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார், தினமும் கூடப் பஸ்ஸில் வரும் இன்னொரு டீச்சரோடு ஊர்க்கதை பேசிச் சிரிக்கிறார், வகுப்பில் பிள்ளைகளுக்கு அவர்தான் பிடித்த டீச்சர். சுயமதிப்பு குறைவுதான், அதனால் இழந்ததும் உண்டு. நோய் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இன்னொருவர் அரிசி மில்லில் கணக்கு எழுதுபவர், நாற்பதைத் தாண்டியவர். மனைவிதான் கூட்டிவந்தார். நாற்காலியின் நுனியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'உங்க நேரத்தை வீணாக்குறேன் சார், வெளிய நிஜமாவே முடியாதவங்க உட்கார்ந்திருக்காங்க' என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, பசி இல்லை, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன் ஒரு வவுச்சர் தொலைந்ததைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாளியை ஏமாற்றிச் சம்பளம் வாங்குவதாக நினைப்பு. அப்போது மனைவி குறுக்கிட்டார்: 'அந்த வருஷம்தான் சார், ஆடிட்டரே இவர் நோட்டைப் பார்த்துட்டு இப்படிச் சுத்தமா எழுதுற ஆளைப் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டுப் போனாரு.' அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்த ஞாபகமே அவருக்கு இல்லை. நாலு மாதத்துக்கு முன்புவரை தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கர்வமாகவே இருந்த மனிதர் அவர். சிகிச்சை ஆரம்பித்து ஒன்றரை மாதம் போல ஆனதும் அந்த ஆடிட்டர் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மனச்சோர்வு நோய் ஞாபகத்தில் கைவைக்கும். கசப்பான நினைவுகள் கூப்பிடாமலே வந்து நிற்கும், நல்லது கூப்பிட்டாலும் வராது. ஏரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் இதை ஒழுங்காக எழுதிவைத்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று திசையிலும் பார்வை கறுத்துப்போகும் என்றார். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கப் பழக்கும், இன்றைக்கு நாங்கள் பயன்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அந்தப் புரிதல்தான் அடித்தளம். நோய் இருக்கும்போது தன்னைப் பற்றி ஒருவர் சொல்லும் தீர்ப்பை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சலின் அளவைக் குறிப்பதுபோல நோட்டில் குறித்துவைப்பதோடு சரி.

உங்கள் விஷயம் இந்த இரண்டும் கலந்ததாகத் தெரிகிறது. பழைய தாழ்வு எண்ணம் ஒன்று, நாலைந்து மாதமாக வந்த மாற்றம் ஒன்று. அப்படிக் கலந்து வருவது சாதாரணம். முதல் விஷயத்தில் அக்கா சொல்வதும் இரண்டாவதில் நண்பர் சொல்வதும் சரியாக இருக்க இடமுண்டு.

சரி, தாழ்வு எண்ணம் மனநோயில் கொண்டுபோய் விடுமா? ஆராய்ச்சியாளர்கள் இதில் வெகுகாலம் இரண்டு கட்சியாக இருந்தார்கள். சுயமதிப்பு குறைவாக இருப்பதால்தான் மனச்சோர்வு வருகிறது என்றது ஒரு கட்சி. மனச்சோர்வு வந்துபோனதன் தழும்புதான் குறைந்த சுயமதிப்பு என்றது இன்னொன்று. ஒரே ஆட்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து சோவிஸ்லோ, ஓர்த் என்ற இருவர் 2013-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மனச்சோர்வு பற்றி மட்டும் 77 ஆய்வுகள் அதில் அடக்கம். சுயமதிப்பிலிருந்து மனச்சோர்வை நோக்கிப் போகும் தாக்கம் 0.16, எதிர்த்திசையில் 0.08 என்று வந்தது. முதல் கட்சிக்குத்தான் பலம் அதிகம், இரண்டாவது கட்சியும் முழுக்கத் தோற்கவில்லை. பதற்ற நோய்களில் இரு திசைத் தாக்கமும் ஏறக்குறைய சமம்.

இந்த எண்களைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது. 0.16 என்பது சின்னத் தாக்கம். லட்சம் பேரைப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும், ஒரு தனி ஆளுக்கு ஜோசியம் சொல்ல உதவாது. சுயமதிப்பு குறைந்தவர்களில் நோயே வராமல் வாழ்ந்து முடிப்பவர்கள் நிறைய. தன்னைப் பற்றி நல்ல மதிப்போடு இருப்பவர்களுக்கும் மனச்சோர்வு வரும், மில் கணக்கர் அப்படித்தான். ஓட்டு வீட்டில் ஒரு ஓடு விலகியிருப்பது மழை வரும்வரை தெரியாது. குறைந்த சுயமதிப்பும் அதுபோலத்தான், பெரும்பாலும் தனியாக எதையும் செய்வதில்லை. வேலை போவது, சாவு, பிரிவு, கடன் என்று ஏதாவது கூட வர வேண்டும்.

அந்த 'ஏதாவது' பற்றிப் பேசும்போது லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை வைத்து ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் செய்த ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1978-இல் வெளியானது. பெரிய இழப்பு நேரும்போது யாருக்கு மனச்சோர்வு வருகிறது, யார் தப்பிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மனம்விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் இல்லாதது, 11 வயதுக்குள் தாயை இழந்தது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று அல்லது அதற்குமேல் வீட்டில் இருப்பது, வெளியே வேலை இல்லாதது ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டார்கள். இந்த நான்கும் சுயமதிப்பை அரிப்பதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன என்பது அவர்கள் வைத்த விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகளில் நான்கும் ஒரே பலத்தோடு நிற்கவில்லை. ஆனால் மனம்விட்டுப் பேச ஒரு ஆள் என்ற விஷயம் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஆசிரியைக்குப் பக்கத்து சீட் டீச்சர் எவ்வளவு பெரிய காப்பு என்பது அவருக்கே தெரியாது.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. சுயமதிப்புக் குறைவை எப்போதும் அந்த ஆளின் மண்டைக்குள் இருக்கும் கோளாறாகவே பேசுகிறோம். பிறந்ததிலிருந்து நிறத்தைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண், சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட பையன், தமிழ் மீடியத்தில் மாவட்ட அளவில் மார்க் வாங்கிவிட்டு இன்ஜினியரிங் முதல் வருடம் ஆங்கிலத்தில் பதில் சொல்ல நின்று வகுப்பே சிரித்ததைக் கேட்டவன், இவர்கள் தங்களைக் குறைவாக நினைப்பது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதே இல்லை. இவர்களிடம் போய் 'தன்னம்பிக்கையை வளர்த்துக்கோ' என்றால், நடந்ததற்கும் நீயே பொறுப்பு என்று சொல்வதாகத்தான் கேட்கும். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே சுயமதிப்பை ஒரு பின்னமாக எழுதினார்: மேலே நாம் சாதித்தது, கீழே நாம் ஆசைப்பட்டது. கீழே இருக்கும் எண்ணை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதுதான் நம் ஊர்க் கேள்வி. நீங்கள் எழுதியதில் அப்பா, மாமா பையனைச் சுட்டிக்காட்டும் வரி இருக்கிறது. அதையும் யோசித்துப் பாருங்கள்.

மனச்சோர்வு தவிர வேறு நோய்களிலும் இதற்குப் பங்கு உண்டு. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயமே நோயாகும் சமூகப் பதற்றம், உடல் எடையையும் தோற்றத்தையும் மட்டுமே வைத்துத் தன்னை எடைபோடும் உணவு நோய்கள், 'குடிச்சாத்தான் எனக்குப் பேச்சே வரும்' என்று ஆரம்பிக்கும் குடி. இவற்றை விரிவாக எழுதினால் பதில் நீண்டுவிடும். எதிர்த்திசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மனநோய் என்று பெயர் வந்த பிறகு, ஊர் சொல்வதைத் தானே நம்பி 'நான் இனி எதற்கும் ஆக மாட்டேன்' என்று வேலை தேடுவதையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். இல்லாத குரல்கள் காதில் கேட்கும் ஸ்கிசோஃப்ரினியா நோயில், மாத்திரைக்கு அந்தக் குரல்கள் அடங்கிய பிறகும் இந்த நம்பிக்கை அடங்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நோய் கொடுத்த நஷ்டத்தைவிட இது கொடுக்கும் நஷ்டம் சில வீடுகளில் அதிகம்.

இனி சந்தேகமான பகுதி. சுயமதிப்பை ஏற்றிவிட்டால் மனநோய் வராமல் தடுக்கலாமா? கேட்க நன்றாக இருக்கும், நிரூபணம் அவ்வளவு இல்லை. கலிபோர்னியா மாநில அரசு 1986-இல் சுயமதிப்பை வளர்க்க ஒரு குழுவே போட்டு, 1990-இல் அறிக்கையும் வாங்கியது. போதைப் பழக்கம், குற்றம், படிப்பில் பின்தங்குவது எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்ற அலை அதிலிருந்து அடித்தது. 2003-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் மற்ற மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, சுயமதிப்பு ஏறியதால் மார்க் ஏறுவதாகச் சொல்ல ஆதாரம் போதாது, நன்றாகச் செய்வதால்தான் பெருமளவு சுயமதிப்பு ஏறுகிறது என்றார்கள். மகிழ்ச்சிக்கும் அதற்கும் உள்ள தொடர்பை மட்டும் அவர்களும் மறுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று 'நான் சிறந்தவன்' என்று சொல்லிக்கொள்ளும் முறையும் அப்படித்தான். 2009-இல் கனடாவில் உளவியலாளர் ஜோவன் வுட் குழு செய்த சோதனையில், ஏற்கெனவே சுயமதிப்பு குறைந்தவர்களில் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. பிறகு வேறு ஆட்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தத் தீமை தெரியவில்லை. ஆகவே கெடுதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், காசு கொடுத்து வகுப்புக்குப் போகும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நடைமுறையில் நான் பின்பற்றும் வரிசை இது. நோய் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இருந்தால் அதற்கு முதலில் சிகிச்சை. அது விலகியபின் எவ்வளவு தாழ்வு எண்ணம் மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பது. மில் கணக்கரைப் போன்றவர்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. உங்களைப் போல நெடுநாளாக இருந்தால் அநேகமாகக் கொஞ்சம் இருக்கும், அதற்குப் பேச்சுச் சிகிச்சை வேண்டும். அங்கே உங்களைப் புகழ்ந்து தள்ளுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தாழ்வு எண்ணம் உள்ளவர்கள் தங்களுக்கென்று சில சட்டங்கள் வைத்திருப்பார்கள். 'தப்பில்லாமல் பேச முடிந்தால்தான் பேச வேண்டும்' என்பது உங்களுடையதாக இருக்கலாம். அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீறிப் பார்க்கவைப்பதுதான் வேலை. அடுத்த மீட்டிங்கில் பதில் தெரியாத ஒரு கேள்வியை வேண்டுமென்றே கேட்பது, கேட்குமுன் என்ன நடக்கும் என்று நினைத்தோம், கேட்டபின் என்ன நடந்தது என்று இரண்டு பத்தியாக நோட்டில் எழுதுவது. அலுப்பான வேலைதான். சில வாரம் எழுதியபின் அந்த இரண்டு பத்திக்கும் உள்ள தூரத்தை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு. ஓவர் கிடையாது. 'என் பிரச்சினை டாக்டரிடம் போகும் அளவுக்கு இல்லை' என்று நினைப்பதே தாழ்வு எண்ணத்தின் வேலையாக இருக்கலாம். என் வாசலில் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் நிஜமான கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாலைந்து மாதம் என்பது தாராளமான காலம். தூக்கம், பசி, முன்பு பிடித்தவற்றில் நாட்டம், வேலையில் கவனம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் அக்காவையும் கூட்டிப் போங்கள், மாற்றம் எப்போது ஆரம்பித்தது என்பதை வெளியே இருந்து பார்த்தவர் சொல்வது பல சமயம் துல்லியமாக இருக்கும். தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினால் செய்துவிடுங்கள். தைராய்டு குறைவு மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும். மாத்திரை கொடுத்தால் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும். மனச்சோர்வு மாத்திரைகள் போதை தரும் வகையல்ல, ஆனால் தேறிவிட்டது என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் என்று படுத்தும். குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் புறநோயாளி சீட்டு வாங்கினால் போதும், மாத்திரையும் இலவசம். நேரில் போகத் தயக்கம் என்றால் மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்றோ, நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றோ எண்ணம் ஓடினால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அது இரவு முழுக்கத் திறந்திருக்கும்.